மூன்றணாவும் பதினைந்தணாவும்

கேள்வி கேட்பது பாவம் என்று கற்பித்த நாடு இது. சாத்திரத்தைக் கேட்டால் நாத்திகன். பண்ணையாரைக் கேட்டால் திமிர் பிடித்தவன். பெரியவரைக் கேட்டால் அடக்கமற்றவன். வாய் பொத்தி நிற்பதே பண்பு என்று பல நூற்றாண்டுகளாகப் பழக்கப்படுத்தப்பட்ட மக்களின் பெயரால் ஒரு மன்றம் கூடுகிறது. அந்த மன்றத்தின் நாள் கேள்வியோடு தொடங்குகிறது. மக்களவையில் காலை பதினொரு மணி முதல் ஒரு மணி நேரம் கேள்விக்கே உரியது. ஆளும் அமைச்சர் எழுந்து நிற்க, நேற்றுவரை எவரும் அறியாத ஓர் உறுப்பினர் அவரைப் பார்த்து, “ஏன்?” என்று கேட்கலாம். மனுவின் நாட்டில் இது சிறிய மாற்றமன்று.

ஆனால், உரிமை இருப்பது வேறு. அதை ஆளத் தெரிவது வேறு. பாராளுமன்றத்திற்குப் புதிதாகச் செல்லும் உறுப்பினர் பொருளாதாரம், வாணிபம், வெளிநாட்டு உதவி ஆகியவை பற்றிக் கேட்கும் கேள்விகளை நாம் எப்படி எடைபோடுவது? கவிதையை எடைபோட அளவுகோல் உண்டு, கேள்விக்கும் உண்டு. எந்தக் கேள்வி அரசை அதன் சொந்தக் கணக்கின் முன்னால் நிறுத்துகிறதோ, அதுவே நல்ல கேள்வி. எந்தக் கேள்விக்கு ஓர் எழுத்தர் கோப்பைப் புரட்டிப் பத்து நிமிடத்தில் விடை எழுதிவிட முடியுமோ, அது வெறும் விசாரிப்பு.

விசாரிப்புகளுக்குப் பஞ்சமில்லை. “இந்த ஆண்டு எவ்வளவு கடன் வந்தது?” என்பார் உறுப்பினர். “இத்தனை கோடி” என்பார் அமைச்சர். கேட்டவருக்கு மகிழ்ச்சி, சொன்னவருக்கு அதைவிட மகிழ்ச்சி. அந்தக் கோடி யார் தலையில் ஏறியது, எந்த நிபந்தனையோடு வந்தது, யார் வீட்டு அடுப்பை எரித்தது என்பவை கேட்கப்படாமலேயே அவை கலைகிறது.

கேள்வி என்றால் என்ன என்று காட்டிய ஒரு நிகழ்ச்சியை இங்கே எடுத்துக்கொள்வோம். 1962ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பூல்பூரில் பண்டித நேருவை எதிர்த்து நின்று தோற்றவர் டாக்டர் ராம் மனோகர் லோகியா. மறு ஆண்டு பரூக்காபாத் இடைத்தேர்தலில் வென்று, முதன்முறையாக மக்களவைக்குள் நுழைந்தார். அவையிலே புதியவர், அரசியலிலே பழையவர், ஜெர்மனியில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். 1963 ஆகஸ்டில் ஆச்சாரிய கிருபளானி நேரு அரசின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். விடுதலை பெற்ற இந்தியாவில் மத்திய அரசின்மீது வந்த முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் அது. ஆதரவு 62, எதிர்ப்பு 347. தீர்மானம் தோற்றது. அந்த விவாதத்தில் எழுந்த ஒரு கணக்கோ இன்றும் தோற்கவில்லை.

இந்நாட்டில் 27 கோடி மக்கள் நாளொன்றுக்கு மூன்றணாவில் வாழ்கிறார்கள் என்றார் லோகியா. அன்று நாட்டு மக்களில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர் அவர்கள். மூன்றணா அல்ல, பதினைந்தணா என்று திட்டக் கமிஷன் கணக்கைக் காட்டி மறுத்தார் நேரு. அணா நாணயத்தை 1957லேயே சட்டம் வழியனுப்பிவிட்டது. ஆயினும் ஏழையின் நாவிலே அது இருந்தது. ஏழையின் நாணயத்தில்தான் ஏழையின் வழக்கும் நடந்தது.

இரண்டில் எது உண்மை? பகுத்தறிவு பேசும் நாம் ஆள் பார்த்து அல்ல, கணக்குப் பார்த்துத் தீர்ப்பளிக்க வேண்டும். பதினைந்தணாவை 365 நாளால் பெருக்கினால் 342 ரூபாய் ஆகிறது. அன்றைய நாட்டு வருமானத்தைத் தலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் தொகை ஏறத்தாழ இதுவே. அதாவது பதினைந்தணா என்பது சராசரி. அதில் ஆலை முதலாளியும் உண்டு. அவன் ஆலையில் சாம்பல் அள்ளுபவனும் உண்டு. பத்துப் பேரில் ஒருவனிடம் நூறு ரூபாயும், மற்ற ஒன்பது பேரிடம் ஆளுக்கு ஒரு ரூபாயும் இருந்தால், தலைக்குப் பத்து ரூபாய்க்கு மேல் இருப்பதாகச் சராசரி சாட்சி சொல்லும். பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் இந்தப் பித்தலாட்டம் பாராளுமன்றத்தில் புள்ளிவிவரம் என்ற பட்டாடை உடுத்தி உலவியது.

லோகியா செய்தது என்ன? “மொத்தம் எவ்வளவு?” என்ற கேள்வியை, “யாருக்கு எவ்வளவு?” என்று மாற்றினார். தலையெழுத்து என்று சொல்லப்பட்டதை எண்ணெழுத்தாக ஆக்கினார். முற்பிறவியின் வினை என்று மூலையில் கிடத்தப்பட்ட வறுமை, அமைச்சர் பதில் சொல்ல வேண்டிய பொருளாயிற்று. விவாதம் வளர்ந்தபோது அரசு தரப்பே ஏழரை அணா என்று இறங்கி வந்தது. பதினைந்து பாதியாகிவிட்டது!

அந்த ஏழரை அணாவையும் நிறுத்துப் பார்ப்போம். மாதம் முப்பது நாளுக்கு அது 14 ரூபாய். 1962லேயே, திட்டக் கமிஷன் வட்டாரத்தில் கூடிய அறிஞர் குழு, 1960-61 விலைவாசியில் ஒருவர் வாழ மாதம் 20 ரூபாயேனும் வேண்டும் என்று வரையறுத்திருந்தது. கல்வியையும் மருத்துவத்தையும் அரசு பார்த்துக்கொள்ளும் என்று அவற்றை ஒதுக்கிவிட்டுப் போட்ட கணக்கு அது. நாளுக்குப் பத்தணாவுக்கும் மேல் ஆகிறது. ஆக, அரசு ஒப்புக்கொண்ட தொகை அரசின் வட்டாரமே வகுத்த குறைந்த அளவையும் எட்டவில்லை. மூன்றணாவை மறுக்க வந்தவர்கள் தம் வறுமைக் கணக்கைத் தாமே எழுதிக் கையொப்பமிட்டார்கள். கேள்வியின் வெற்றி என்பது இதுதான்.

பாராட்டோடு நின்றுவிட்டால் அது விமர்சனமாகாது, வழிபாடாகிவிடும். வழிபாடு நமக்கு ஆகாது. லோகியாவின் மூன்றணா, எல்லா 27 கோடிப் பேருக்கும் பொருந்தும் உறுதியான கணக்கு என்று நாம் கொள்ளவில்லை. மாதம் ஐந்தரை ரூபாய்க்குச் சற்றே மேற்பட்ட தொகையில் நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர் என்பதை நிலைநாட்ட அவர் தந்த சான்றுகள் போதா. அடித்தட்டைச் சுட்டும் எண்ணைப் பெரும்பகுதிக்கும் விரித்தார். எதிரியின் எண்ணைப் பிளந்த கூர்மையைத் தம் எண்ணின்மீதும் காட்டியிருந்தால், ஏழரை அணாவுக்கு அரசு இறங்கிய அன்றே வழக்கு முடிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய குறை மற்றொன்று. ஏழைக்காக வாதாடிய அதே நாவால் அவர் ஆங்கிலத்தை அகற்று என்ற இயக்கத்தையும் நடத்தினார். ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிய அதே 1963இல், ஆங்கிலம் போய்விட்டால் டில்லி அவையில் தென்னாட்டு உறுப்பினன் எந்த மொழியில் கேள்வி கேட்பான், அமைச்சரின் பதிலை எந்த மொழியில் அளப்பான் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. மூன்றணாக் கூலிக்காரன் கங்கைக் கரையில் மட்டுமா இருந்தான்? காவிரிக் கரையிலும் இருந்தான். அவன் சார்பில் கேட்க வருபவனின் நாவைக் கட்டும் சமத்துவம் அரைச் சமத்துவமே. 1965இல் தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவில் இறங்கி அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதாயிற்று.

இனி வெளிநாட்டு உதவிக்கு வருவோம். 1956இல் அமெரிக்காவோடு இந்தியா பி.எல். 480 உடன்பாடு செய்துகொண்டது. கோதுமை வந்தது, விலையை டாலரில் அல்ல, ரூபாயில் கட்டலாம் என்றார்கள். இனிப்பான செய்திதான். ஆனால், அந்த ரூபாய் இந்நாட்டிலேயே அமெரிக்காவின் கணக்கில் குவிந்தது. 1974இல் அந்தக் குவியலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை, 1,664 கோடி ரூபாயை, ஒரே காசோலையில் அமெரிக்கத் தூதர் திருப்பி அளித்தபோதுதான் அதன் பருமன் பலருக்குப் புரிந்தது. இடையில் 1965, 1966ஆம் ஆண்டுகளின் வறட்சியில், அதிபர் ஜான்சன் கப்பலை மொத்தமாக விடாமல் சிறிது சிறிதாக விட்டார். வியட்நாம் போரைப் பற்றி டில்லி என்ன பேசுகிறது என்பதையும் கவனித்துக்கொண்டார். 1966 ஜூன் 6ஆம் நாள் ரூபாயின் மதிப்பு வீழ்த்தப்பட்டது. ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்தது, 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. உதவி தொடர வேண்டுமானால் இது தேவை என்ற நெருக்குதலும், ஏற்றுமதி பெருகும் என்ற ஆறுதலும் சேர்ந்தே வந்தன. ஏற்றுமதி உடனே பெருகிவிடவில்லை.

எனவே, “உதவி எவ்வளவு?” என்பது முதல் வகுப்புக் கேள்வி. எந்த நாணயத்தில் திருப்புவது? கைநீட்டியதற்கு ஈடாக நாவை எவ்வளவு அடக்குவது? வெளிக் கோதுமை மலிவாக வந்ததால் உள்நாட்டு உழவனுக்கு என்ன விலை கிடைத்தது? இவைதாம் பாராளுமன்றக் கேள்விகள். இவற்றை உரிய காலத்தில் உரக்கக் கேட்கும் நாட்டில் உதவி உதவியாக இருக்கும். கேளாத நாட்டில் அது கடிவாளமாகும். 1967இல் தமிழ்நாட்டுத் தேர்தலை அரிசிப் படியும் தீர்மானித்தது என்பதை மறக்கலாமா?

கேள்வியையும் விலைக்கு விற்றவர்கள் உண்டு. பணம் பெற்றுக்கொண்டு கேள்வி கேட்டதற்காக 2005 டிசம்பரில் பதினொரு உறுப்பினர்கள் பாராளுமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். கேள்வியை விற்பவனை நாம் வெறுக்கிறோம், சரி. ஆனால், விடையை ஒளிப்பவனை என்ன செய்வது? 1963இல் லோகியாவும் நேருவும் மோத முடிந்தது, மோதுவதற்கு எண்கள் இருந்ததால். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு மக்களின் செலவை வீடு வீடாகக் கேட்டு எழுதி வந்தது. ஆனால், 2017-18ஆம் ஆண்டு நடந்த செலவு ஆய்வின் முடிவை, தரம் சரியில்லை என்று கூறி 2019இல் அரசு வெளியிட மறுத்தது. 2011-12க்குப் பின் அடுத்த கணக்கு 2022-23க்கு உரியதாகவே வெளிவந்தது. 2020 செப்டம்பரில் கூடிய கூட்டத்தொடரில் கேள்வி நேரமே நீக்கப்பட்டது. எழுத்துப் பதில் மட்டும் மிஞ்சியது. ஊரடங்கில் ஊர் திரும்புகையில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படியொரு கணக்கு வைத்துக்கொள்ளப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் எழுதியது.

நேரு தவறான எண்ணைச் சொன்னார். ஆனால், எழுந்து நின்று சொன்னார். எண்ணே இல்லை என்று சொல்வது அதனினும் கொடிது. எண்ணில் பிழை இருந்தால் திருத்தலாம். எண்ணப்படாத மனிதனை எப்படித் திருத்தி எழுதுவது?

இளைஞர்களே! உங்கள் தொகுதி உறுப்பினர் என்ன பேசினார் என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள்; என்ன கேட்டார் என்று பாருங்கள். அவர் கேட்டது மொத்தத்தையா, பங்கையா? வந்த பதில் சராசரியா, மனிதனா? உதவியின் தொகையைக் கேட்டாரா, நிபந்தனையைக் கேட்டாரா? பதிலில் ஓட்டை இருந்தபோது துணைக் கேள்வி எழுப்பினாரா, தலையாட்டி அமர்ந்தாரா? படிப்பகத்தில் செய்தித்தாளை விரிக்கும்போது இந்த நான்கையும் கேளுங்கள். கூட்டம் போட்டு அவரிடமே கேளுங்கள். வாக்குக் கேட்டு வந்தவரிடம் கணக்குக் கேட்பது நமது உரிமை. அதை நாம் கேட்கப் பழகினால், அவரும் அங்கே கேட்கப் பழகுவார்.