பாளை அரிவாளின் கூர்

பனையேறியின் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது பாளை அரிவாள்தான். மட்டை கழிக்கத் தனி அரிவாள் உண்டு. அது கனமானது, முரட்டு வேலைக்கானது. பாளை அரிவாளோ சவரக்கத்தி மாதிரி இருக்க வேண்டும். காலையும் மாலையும் பாளை நுனியை மெல்லிசாகச் சீவினால்தான் பதநீர் தடையில்லாமல் சொட்டும். கூர் மழுங்கிய அரிவாள் சீவாது, நசுக்கும்; கண் அடைத்து ஊறல் குறைந்துவிடும்.

மரப்பலகையில் வெண்கல் பொடியைத் தூவி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தீட்டுவார்கள். என்ன பொறுமை! நகத்தில் வைத்தால் வழுக்காமல் கவ்வ வேண்டும். தீட்டியதைக் கண்ட இடத்தில் போடுவதில்லை. இடுப்பில் கட்டும் அரிவாள் பெட்டிக்குள் போய்விடும்.

பாளையை இடுக்கிப் பதப்படுத்தும் கடிப்பும் ஆண்பாளைக்கு வேறு, பெண்பாளைக்கு வேறு. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இவையெல்லாம் வருமானத்தைக் காப்பவை. காலில் மாட்டும் தளைநார் உயிரைக் காப்பது. பனை 30 மீட்டர் வரைகூட வளரும். ஓர் இழை விட்டிருந்தாலும் அந்த நாரோடு ஏறக் கூடாது. அதைத் தரையிலேயே இழுத்துப் பார்த்துவிட வேண்டும், தினமும்.