தனிக்குடித்தனம் போன கோப்பு வாசல்

ஜெலுத்தோங்கில் எங்கள் சின்ன அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருநாள் கேட்டார்: "அண்ணே, எஸ்3-ல கிடக்கிற ஒரு சிஎஸ்வி கோப்பைத் திறக்க டாஸ்க் முழுசையும் ஏத்தணுமா?"

வேண்டியதில்லை. மார்ட்டின் டுராண்ட் முன்னின்று நடத்திய ஒரு பாகப்பிரிவினையின் பலன் அது. டாஸ்க், பெரிய கணக்குகளைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டுத் தரும் பைதான் நிரல்தொகுப்பு. கோப்பு உள்ளூர் வட்டில் இருக்கிறதா, அமேசானின் எஸ்3 கிடங்கில் இருக்கிறதா, கூகுள் கிடங்கில் இருக்கிறதா என்று முகவரியின் முதல் சில எழுத்துகளைப் பார்த்தே கண்டுகொள்ளும் பொதுப்பகுதியும் அதற்குள்தான் இருந்தது. பங்கிடும் வேலைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அதைப் பிரித்து எஃப்எஸ்ஸ்பெக் என்று பெயரிட்டார்கள். 2019-இல் டாஸ்க்கே அதை வெளியிலிருந்து வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கியது.

பிரிந்து போனதற்குப் பழைய வீட்டுக்கு வெளியே தேவை இருந்ததா? என் முதல் அளவுகோல் இதுதான். அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பின், 2020 ஜூலையில் வந்த 1.1 பதிப்பு அதை ஏற்றுக்கொண்டது. டாஸ்க்கின் வாசனையே அறியாதவர்களும் இன்று அதன் வழியாகக் கோப்பு திறக்கிறார்கள். மையப்பகுதிக்குப் பைதானைத் தவிர வேறெந்தத் தொகுப்பும் கட்டாயமில்லை என்பது அதைவிடப் பெரிய சாதனை.

இழப்பும் உண்டு. ஒரே வீட்டில் இருந்தவரை இரண்டையும் ஒரே நாளில் திருத்தலாம். பிரிந்தபின் இங்கே செய்யும் சிறு மாற்றம் எங்கோ போய் இடிக்கும். 2023 அக்டோபர் பதிப்பில் பெயர்த்தேடலின் இரட்டை நட்சத்திரக் குறிக்கான விதி இறுகியது. உடனே ஹக்கிங் ஃபேஸின் டேட்டாசெட்ஸ் தொகுப்பின் பழைய பதிப்புகள், அந்தக் குறி பாதையின் ஒரு முழுக்கூறாக மட்டுமே வரலாம் என்ற பிழைச்செய்தியோடு நின்றுவிட்டன.

எனக்கு உறுத்துவது வேறு. எஸ்3-க்கான துணைத்தொகுப்பு எஸ்3எஃப்எஸ், எஃப்எஸ்ஸ்பெக்கின் ஒரே ஒரு பதிப்பைக் குறிப்பிட்டு அதோடு தன்னைக் கட்டிக்கொள்கிறது. ஒன்றை மேம்படுத்தினால் மற்றதையும் மேம்படுத்தியாக வேண்டும். வீடு தனி, அடுப்பு ஒன்று என்றால் அது முழுப் பிரிவினை ஆகாது.

ஆகவே என் தீர்ப்பு: மையத்தைப் பிரித்தது சரி, ஐயமே இல்லை. துணைத்தொகுப்புகளின் முடிச்சைத் தளர்த்தாமல் விட்டது குறை. உங்கள் தொகுப்பிலிருந்து ஒன்றைப் பிரிக்க நினைத்தால், அதை நம்பியிருக்கும் பிறரின் சோதனைகளையும் ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஓட்டிப் பாருங்கள்.