உடற்பயிற்சிக்குக் கூலி உணவா?

காலை நடை முடித்துப் பூங்காவை விட்டு வெளியே வருகிறவர்களுக்காகவே சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் சில கடைகள் காத்திருக்கின்றன. அருகம்புல் சாறும் வாழைத்தண்டு சூப்பும் விற்கும் தள்ளுவண்டி, இளநீர்க் கடை, சற்றுத் தள்ளி டிபன் ஓட்டல். “இவ்வளவு நடந்தாச்சே, ரெண்டு வடை சாப்பிட்டா என்ன?” என்பது அங்கே அன்றாடம் காதில் விழும் கேள்வி. கைப்பேசியில் கலோரிக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இதே கேள்வி வேறு உருவில் வருகிறது. மைஃபிட்னெஸ்பால் போன்ற செயலிகளில் உடற்பயிற்சியைப் பதிவு செய்தவுடன், அன்றைக்கு இன்னும் சாப்பிடலாம் என்று காட்டும் கலோரி அதற்கேற்பக் கூடிவிடும். 200 கலோரி எரித்தால் 200 கலோரி கூடுதலாகச் சாப்பிடலாம் என்பது அதன் பொருள்.

எடை குறைக்க முயல்கிறவர் அந்தக் கூடுதலைச் சாப்பிட வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? சாப்பிட்டால் நடந்ததெல்லாம் வீண் என்கிறது ஒரு தரப்பு. சாப்பிடாவிட்டால் உடம்பு துவண்டுவிடும் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் வெவ்வேறு மனிதர்களுக்கான உண்மை. எரித்ததைத் திரும்பச் சாப்பிடும் பழக்கத்தை மனமாரப் பின்பற்றுகிறவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை. அது உண்மையில் தேவைப்படுகிறவர்களோ, எடை ஏறிவிடும் என்று பயந்து அதை ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்தின் பெருங்குறை இந்தத் தலைகீழ் நிலைதான்.

கணக்கின் நியாயம்

முதலில் இதன் நிறைகளைப் பார்ப்போம். செயலியின் கணக்கில் தர்க்கம் இருக்கிறது. உடற்பயிற்சியே இல்லாத ஒரு நாளுக்கு உடம்பு செலவழிக்கும் கலோரியை அது முதலில் மதிப்பிடுகிறது. அதிலிருந்து 300 அல்லது 500 கலோரியைக் கழித்து, சாப்பிட வேண்டிய அளவைச் சொல்கிறது. எடை குறைவதற்கான பற்றாக்குறை அங்கேயே வைக்கப்பட்டுவிட்டது. அதற்கு மேல் ஒருவர் 400 கலோரிக்கு ஓடினால், பற்றாக்குறை 700 ஆகவோ 900 ஆகவோ விரிகிறது. ஓடியதைத் திரும்பச் சாப்பிட்டால் முதலில் திட்டமிட்ட பற்றாக்குறை அப்படியே நிற்கும். காகிதத்தில் இதில் பிழை இல்லை.

மனத்துக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. பட்டினிக்குக் கிட்டே போகிற உணவுத் திட்டங்கள் பெரும்பாலும் இரவு எட்டு மணிக்கு மேல் உடைகின்றன. காலையில் ஓடி, மதியம் அரை வயிறு உண்டு, மாலையில் பசியை அடக்கியவர், இரவில் கையில் கிடைத்ததையெல்லாம் தின்றுவிட்டு மறுநாள் தன்னையே நொந்துகொள்வார். பயிற்சிக்கு ஏற்பக் கொஞ்சம் கூட்டிச் சாப்பிடுகிறவருக்கு இந்தச் சறுக்கல் குறைவு. நாளைக்கும் ஓடலாம் என்ற தெம்பும் மிஞ்சும். எடைக் குறைப்பில் முதல் வாரத்து வேகத்தைவிட ஆறாவது மாதத்திலும் திட்டத்தில் நிலைத்திருப்பதே பெரிது என்பதால், இந்த நன்மையை அற்பமாக எண்ணக் கூடாது.

அளவுகோலின் பிழை

சிக்கல் தொடங்குவது, எரித்ததாகக் காட்டப்படும் அந்த எண்ணில்தான்.

70 கிலோ எடையுள்ள, 40 வயதான, 155 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணி நேரம் நடந்தால் அவர் செலவழிப்பது ஏறத்தாழ 180 கலோரி. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், உயிர் வாழ்வதற்காகவே 50 கலோரி போயிருக்கும். அது அன்றைய அடிப்படைக் கணக்கில் முன்பே சேர்ந்துவிட்டது. ஆக, நடந்ததால் கூடுதலாகச் செலவானது 130 கலோரிதான். ஓட்டலில் இரண்டு மெதுவடையும் சாம்பாரும் சர்க்கரை போட்ட ஒரு காப்பியும் எளிதாக 300ஐத் தாண்டிவிடும்.

கையில் கட்டும் கருவிகளும் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2017இல் 60 பேரை வைத்து ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஏழில் ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு அளந்தன. கலோரியை அளப்பதில் எல்லாமே தடுமாறின. இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். கருவிகள் அதற்குப் பிறகு எவ்வளவு மேம்பட்டாலும் ஓர் அடிப்படைத் தடை இருக்கிறது: பெரும்பாலானவை இதயத் துடிப்பைக் கொண்டே கலோரியை ஊகிக்கின்றன. மே மாதச் சென்னையின் வெக்கையில், உடம்பைக் குளிர்விக்க இதயம் வேகமாகத் துடிக்கும். அதே நடைதான், அதே தூரம்தான். ஆனால் அந்தத் துடிப்பை உழைப்பென்று கருவி எடுத்துக்கொள்ளக்கூடும். வழிந்தது வியர்வை, கரைந்தது கொழுப்பென்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

கருவியே இல்லாமல் மனக்கணக்கு போடுகிறவர்கள் நிலை இன்னும் மோசம். கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி முடித்தவர்களிடம் எவ்வளவு கலோரி செலவாகியிருக்கும் என்று கேட்டார்கள். உண்மையில் செலவானதைப் போல மூன்று, நான்கு மடங்கு சொன்னார்கள். அதற்கு ஈடாக எடுத்துச் சாப்பிடுங்கள் என்றபோது இரண்டு, மூன்று மடங்கு சாப்பிட்டார்கள். இவர்கள் உடல் பருமன் இல்லாத, சாதாரண எடை கொண்டவர்கள். உழைப்பை மிகுதியாகவும் உணவைக் குறைவாகவும் மதிப்பிடுவது மனித இயல்பு என்பதற்கு இது நல்ல சான்று.

இன்னொரு பிழை பலருக்குத் தெரியாமலே நடக்கிறது. ஒருநாள் கலோரித் தேவையைக் கணக்கிடும் சூத்திரங்கள், உங்கள் நடமாட்டம் எவ்வளவு என்று கேட்கும். மேலே சொன்ன பெண், உட்கார்ந்த வேலை என்று குறித்தால் விடை சுமார் 1,570 கலோரி. வாரத்தில் சில நாள் லேசான உடற்பயிற்சி என்று குறித்தால் 1,800. இரண்டாவது விடையில் நடைப்பயிற்சி முன்பே சேர்ந்துவிட்டது. அதில் 300 குறைத்து 1,500 என்று வைத்துக்கொண்டு, கருவி காட்டும் 180ஐயும் தினமும் கூட்டிச் சாப்பிட்டால், ஒரே நடைக்கு இரண்டு முறை உண்டவராவார். மிஞ்சும் பற்றாக்குறை 120. ஒரு தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் அதைத் துடைத்துவிடும். ‘சரியாகத்தான் சாப்பிடுகிறேன், எடை அசையவே இல்லை’ என்று சொல்கிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களைச் சோம்பேறி என்பதும் பொய் சொல்கிறார் என்பதும் அநியாயம்.

உடம்பு கொடுக்கும் பதில்

செலவான கலோரியைப் பிழையின்றி அளந்தாலும் கணக்கு முடிவதில்லை. உடற்பயிற்சிக்கு உடம்பு தன் போக்கில் பதில் சொல்லும். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மாதவிடாய் நின்ற, எடை கூடிய 464 பெண்கள் பங்கேற்றார்கள். அவர்களில் அதிகம் பயிற்சி செய்த பிரிவினர் வாரத்துக்கு 194 நிமிடம் வீதம் ஆறு மாதம் உழைத்தார்கள். செலவான கலோரிப்படி 2.7 கிலோ குறைந்திருக்க வேண்டும், குறைந்தது 1.5 கிலோ. பாக்கியை உடம்பு ஏதோ ஒரு வழியில் ஈடுகட்டிக்கொண்டது. சிலர் தம்மை அறியாமல் ஒரு கரண்டி கூடுதலாக உண்கிறார்கள். சிலர் காலையில் நடந்த களைப்பில் மாலை முழுதும் சோஃபாவை விட்டு எழுவதில்லை.

இது ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறும் என்பதைப் பிரிட்டனில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. 35 பேர், 12 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஒவ்வொரு முறையும் 500 கலோரிக்கான பயிற்சி. எல்லாரும் கண்காணிப்பில் ஒரே அளவு உழைத்தார்கள். ஒருவருக்கு 14.7 கிலோ குறைந்தது, இன்னொருவருக்கு 1.7 கிலோ கூடியது. எதிர்பார்த்த அளவு குறையாதவர்கள், நாளொன்றுக்குச் சுமார் 270 கலோரி கூடுதலாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். யாரும் அவர்களைச் சாப்பிடச் சொல்லவில்லை, பசி சொல்லியிருக்கிறது. பசியே கூடுதலைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் உடம்புக்கு, செயலியும் தன் பங்குக்கு ஓர் அனுமதிச் சீட்டு கொடுத்தால் அது இரட்டை ஈடு.

மானுடவியலாளர் ஹெர்மன் பாண்ட்ஸர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்கள் நாளெல்லாம் நடக்கிறார்கள். ஆனால் உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அவர்களின் ஒருநாள் மொத்தச் செலவும் மேற்கத்திய நகரவாசிகளின் செலவும் ஏறக்குறைய ஒன்றே என்று 2012இல் அவர் குழு காட்டியது. ஒரு பக்கம் செலவு கூடினால் உடம்பு வேறொரு பக்கம் சிக்கனம் பிடிக்கிறது என்பது அவர் வாதம். இதன் அளவு குறித்து அறிஞர்களிடையே விவாதம் தொடர்கிறது. ஆனால் அந்தச் சிக்கனம் எங்கே பிடிக்கப்படுகிறது என்ற கேள்வி நம்மை மறுதரப்புக்குக் கொண்டுபோகிறது.

சாப்பிட்டே ஆக வேண்டியவர்கள்

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்காகப் பயிற்சி செய்கிறவரை நினைத்துப் பாருங்கள். ஓட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவர் ஞாயிற்றுக்கிழமை 20 கிலோமீட்டர் ஓடினால் 1,400 கலோரி. எடையும் குறையட்டும் என்று அன்றைக்கும் வழக்கமான குறைந்த உணவோடு நிறுத்துகிறவர், தன்னையே தண்டித்துக்கொள்கிறார்.

விளையாட்டு மருத்துவத்தில் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். உண்ட கலோரியில் பயிற்சிக்குச் செலவானதைக் கழித்து, மிஞ்சுவதை உடம்பின் கொழுப்பற்ற எடையால் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போனால் ஆபத்து. 60 கிலோ எடையும் 42 கிலோ கொழுப்பற்ற எடையும் உள்ள ஒரு பெண் 1,500 கலோரி உண்டு, அதே நாளில் 10 கிலோமீட்டர் ஓடி 600 கலோரி செலவிட்டால், மிஞ்சுவது 900. கிலோவுக்கு 21 தான். இது மாதக்கணக்கில் நீடித்தால் மாதவிடாய் தவறும், எலும்பு மெலியும், சின்னக் காயமும் ஆற நாளாகும், அடிக்கடி சளி பிடிக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்த நிலைக்குத் தனிப்பெயர் சூட்டி, ஆண்களுக்கும் இது வரும் என்று எச்சரித்தது. உடம்பின் சிக்கனம் கடைசியில் கைவைப்பது இங்கேதான். வேர்க்க விறுவிறுக்க ஓடிவிட்டுத் தட்டைத் தள்ளிவைக்கும் இளம்பெண்ணைக் கட்டுப்பாடு மிக்கவள் என்று மெச்சுகிற வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும், சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர்களும் தனி. நடையின்போதோ பிறகோ சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் உடனே 15 கிராம் அளவுக்கு குளுக்கோஸோ சர்க்கரையோ சாப்பிட்டாக வேண்டும். அங்கே எடைக் கணக்குக்கு இடமில்லை. ஆனால் ஒவ்வொரு நடைக்குப் பிறகும் இப்படிச் சாப்பிட வேண்டியிருந்தால், கூடுதல் உணவைப் பழக்கமாக்கிக்கொள்ளாமல் மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசித் திருத்துவதே முறை.

அளவைவிட வகை

பயிற்சிக்குப் பிறகு என்ன சாப்பிடுகிறோம் என்பதும் எவ்வளவு என்பதற்கு இணையான கேள்வி. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுப்பவை எடை தூக்கும் பயிற்சியும் புரதமும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், இளைஞர்கள் நான்கு வாரம் தேவையைவிட 40 சதவீதம் குறைவாக உண்டு கடுமையாகப் பயிற்சி செய்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் உண்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்து, 1.2 கிலோ கொழுப்பற்ற எடை கூடினார்கள். 1.2 கிராம் உண்டவர்களுக்குக் குறைந்த கொழுப்பு 3.5 கிலோ, கொழுப்பற்ற எடை கூடவில்லை. கலோரி ஒன்றே, பலன் வேறு.

அவ்வளவு கடுமையான திட்டம் வீட்டில் யாருக்கும் வேண்டாம். ஆனால் அதன் பாடம் நம் தட்டுக்குப் பொருந்தும். சோறும் இட்லியும் தோசையுமாக மாவுச்சத்தே மேலோங்கிய உணவில், பயிற்சிக்குப் பிறகு இன்னும் இரண்டு இட்லி போடுவதால் தசைக்கு ஆவது கொஞ்சமே. அந்த இரண்டு இட்லிக்குப் பதிலாக இரண்டு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ வைத்தால், உணவின் அளவை அதிகம் கூட்டாமலே தேவை நிறைவேறும். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற அவசரமும் சாதாரண நடைக்குப் பொருந்தாது. அடுத்து வரும் காலை உணவே போதும்.

யாருக்கு எது

ஆகவே என் முடிவு இது. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட நடை, லேசான சைக்கிள், வீட்டு யோகா ஆகியவற்றுக்குத் தனியாகச் சேர்த்து உண்ண வேண்டியதில்லை. வழக்கமான உணவு வேளையைப் பயிற்சிக்குப் பின் அமைத்துக்கொண்டால் போதும். தாகத்துக்குத் தண்ணீர் போதும். ஒன்றரை மணியைத் தாண்டும் ஓட்டத்துக்கும் கடும் பயிற்சிக்கும் கருவி காட்டுவதில் பாதியைச் சேர்த்து உண்பது நல்ல தொடக்கம். பிறகு மூன்று, நான்கு வாரத்து எடையின் சராசரியைப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, தூக்கம் கெட்டாலோ, மாதவிடாய் தள்ளிப்போனாலோ, பயிற்சியில் வலு குறைந்தாலோ உணவைக் கூட்ட வேண்டும். எடை அசையவே இல்லையென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தக் கூடுதலை. ஒருநாள் எண்ணைக் கருவி தவறாகச் சொல்லலாம். ஒரு மாதத்து உடம்பு அவ்வளவு எளிதில் தவறாகச் சொல்லாது.

நடைக்கு உடனடிக் கூலி வேண்டும் என்ற எண்ணமும் மாற வேண்டும். ஒரு நடையின் பயன் இரத்த அழுத்தத்திலும் இன்சுலினுக்கு உடம்பு இணங்குவதிலும் அடுத்த நாள் வரை நீள்கிறது. எடை அசையாத வாரத்திலும் அது கிடைக்கிறது. எடையில் உடற்பயிற்சியின் பெரும்பங்கு, குறைந்த எடை திரும்ப ஏறாமல் காப்பதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், பெருமளவு எடை குறைத்து அதைத் தக்கவைத்தவர்களில் பெரும்பாலோர் தினமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறவர்கள். அந்தக் கட்டத்தில் பற்றாக்குறை தேவையில்லை. செலவானதை உண்ணத்தான் வேண்டும். எடை குறைக்கும் சில மாதங்களில் கூடுதலைத் தள்ளிவைக்கும் நடைப்பயிற்சிக்காரர், நடையை விடாதிருந்தால், பிந்தைய ஆண்டுகளில் அதே எடையில் நின்றபடி வயிறார உண்ணலாம். கூடுதல் உணவுக்கு உரிய காலம் அது.