வளைந்தே வளர்ந்த மரம்

அதிராம்பட்டினத்துக் கடல் சேறும் மேடும் நிறைந்தது. பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். இந்தத் தண்ணீருக்கென்றே, அதிகம் அமிழாமல் மிதக்கும் வத்தை என்ற பாய்ப்படகு உருவானது. சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920-இல் வெளியான இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வில் இந்தப் பகுதிப் படகுகளின் சமன்பலகையையும் விவரித்தார். படகின் குறுக்கே நீளும் பலகை அது. காற்று ஒரு பக்கம் சாய்த்தால், ஆட்கள் மறுபக்கத்து நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து சாய்வை நேராக்குவார்கள்.

இத்தகைய படகு கட்டும் பட்டறையில், பலகை அறுக்க இன்று மின்ரம்பம், துளையிட மின்துரப்பணம். இரண்டு பேர் மல்லுக்கட்டிய வேலையை இயந்திரம் சட்டென்று முடித்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் படகின் உயிர்நாடி மரத்தைப் பார்க்கும் கண்ணில் இருக்கிறது.

வங்கு என்னும் விலாச்சட்டத்துக்கு, படகு கட்டும் தச்சரான ஓடாவி தேடுவது, வேம்பிலோ கருவேலிலோ கிளை பிரியும் இடத்தில் இயல்பாக அமைந்த வளைவு. நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுபட்டு அங்கேயே பிளக்கும். வளைந்தே வளர்ந்த மரத்தில் நாரும் வளைவோடு ஓடும். ஏரா என்னும் அடிக்கட்டையின் மேல் வங்குகளை நிறுத்தி, எட்ட நின்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். வரைபடம் இல்லாத பட்டறைகளில் அந்தப் பார்வைதான் அளவுகோல்.

பிறகு தீ. பலகையில் எண்ணெய் தடவி, அனலில் வாட்டி, சூடு ஆறுவதற்குள் வங்கோடு அழுத்தி ஆணி அடிக்க வேண்டும். இடுக்குகளில் பஞ்சுத்திரியை உளிவைத்து அடித்து இறுக்கும் கலப்பத்து வேலை அடுத்தது. திரி இறுக இறுக, சுத்தியின் மந்தமான ஓசை கணீரென்று மாறும்.

எதிர்க்கரையில், இலங்கையின் வல்வெட்டித்துறையில் இப்படிக் கட்டிய பாய்க்கப்பல் 'அன்னபூரணி', 1938-இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. ஓடாவிகளின் கைவேலைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் பக்கத்து மல்லிப்பட்டினத்தின் படகுகளை நொறுக்கியது. இலேசான கண்ணாடியிழைப் படகுகள் இன்று கரையெங்கும் நிற்கின்றன. ஆனாலும் மரப்படகின் ஒரு பலகை கெட்டால், அதை மட்டும் கழற்றி மாற்றலாம். ஓடாவி பலகை பலகையாகத் தட்டி, ஓசை மங்கும் இடத்தில் கோடு போடுவார். அதன் பிறகே ரம்பம் ஓடும்.