பீர் டப்பாவும் சைடு ஸ்டாண்டும்

நம்முடைய கதைகளில் வண்டிகள் வருகின்றன. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேச'த்தில், மழையில் நிற்கும் பெண்ணருகே வந்து நிற்கும் கார் ஒன்று போதும், தமிழ் வாசகர் யாருக்கும் மறக்காது. ஆனால் வண்டி ரிப்பேர் நம் கதைகளில் அபூர்வமாகவே வருகிறது. காரில் ஏறுகிறவன் உண்டு, இறங்குகிறவன் உண்டு. அதன் அடியில் மல்லாந்து படுத்து ஸ்பானர் பிடிக்கிறவனுக்கு மட்டும் கதாபாத்திரமாகும் யோகம் இல்லை. இந்தக் குறை மனசில் இருந்ததால்தானோ என்னவோ, ராபர்ட் பிர்ஸிக் என்ற அமெரிக்கர் எழுதிய 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' என்ற நூலை நான் இரண்டு முறை படித்தேன். 1974-இல் வெளிவந்த நூல். 121 பிரசுரகர்த்தர்கள் வேண்டாம் என்று சொன்ன கைப்பிரதி அது என்பார்கள். வெளிவந்த பிறகு லட்சக்கணக்கில் விற்றது. இரண்டுமே ஒரு நூலின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

தகப்பனும் பதினொரு வயது மகனும் ஒரே மோட்டார் சைக்கிளில் அமெரிக்காவின் நடுப்பகுதியிலிருந்து மேற்குக் கடற்கரை வரையில் போகிறார்கள். பாதி வழி வரையில் ஜான், ஸில்வியா என்ற தம்பதி இன்னொரு வண்டியில் கூட வருகிறார்கள். வழிநெடுகத் தகப்பன் தத்துவம் பேசுகிறான், மனசுக்குள்ளேயே. ஜென் மதத்தைப் பற்றி இதில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள், மோட்டார் சைக்கிளைப் பற்றியும்தான் என்று ஆசிரியரே முன்குறிப்பில் எச்சரித்து விடுகிறார். முதல் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது வெறும் அடக்கம்.

நூலில் என்னை நிறுத்திய இடம் ஒரு சின்னச் சம்பவம். ஜானுடைய வண்டி புத்தம் புது பி.எம்.டபிள்யூ, ஆயிரத்து எண்ணூறு டாலர் விலை. அதன் ஹாண்டில்பார் பிடிப்பு விட்டு நழுவுகிறது. நட்டை எவ்வளவு முடுக்கினாலும் நிற்கவில்லை. கவ்விக்கும் குழாய்க்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்று செருகினால் சரியாகிவிடும் என்கிறான் கதை சொல்கிறவன். நம் பட்டறைகளில் 'பாக்கிங்' கொடுப்பது என்பார்களே, அதுதான். ஜானுக்கும் உற்சாகம், எங்கே கிடைக்கும் என்று கேட்கிறான். இதோ, என்று கையிலிருந்த பீர் டப்பாவைக் காட்டுகிறான் நண்பன். அலுமினியம், மெதுவான உலோகம், நன்றாகப் பற்றிக்கொள்ளும், துருவும் பிடிக்காது. யோசனை அருமையானது. ஜானுக்கோ முகம் விழுந்துவிடுகிறது. அரை நூற்றாண்டு ஜெர்மன் நுட்பத்தின் பெருமையைப் பழைய பீர் டப்பாவால் ஒட்டுப் போடுவதா? பேச்சு அதோடு நின்று போகிறது. ஹாண்டில்பாரும் ஆடிக்கொண்டேயிருக்கிறது.

பிறகு கதை சொல்கிறவன் நினைத்துக் கொள்கிறான்: டப்பாவைக் காட்டியிருக்கக் கூடாது. மறைவில் போய்ப் பெயிண்டைச் சுரண்டி, தகடாக வெட்டிக்கொண்டு வந்து, ஜெர்மனியிலிருந்து வரவழைத்தது, க்ரூப் பிரபுவின் சொந்தக் கையிருப்பில் கடைசித் துண்டு என்று சொல்லியிருந்தால் ஜான் வாயெல்லாம் பல்லாக வாங்கிக் கொண்டிருப்பான்! வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் இடம் இது. சிரித்து முடித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஜானுக்கு இங்கே நியாயம் கிடைத்ததா?

ஆசிரியர் இந்தச் சம்பவத்திலிருந்து பெரிய மாளிகையே கட்டுகிறார். உலகத்தை இரண்டு விதமாகப் பார்க்கலாம். தகடு என்ன வேலை செய்கிறது என்று பார்க்கிறவன் ஒருவன், அது என்ன சாமான் என்று பார்க்கிறவன் மற்றவன். இவர்களுக்கு நடுவே உள்ள பிளவுதான் இந்த யுகத்தின் நோய் என்கிறார். சொல்லும்போது இருவரையும் சமமாக நிறுத்துவதாகப் பாவனை. ஆனால் ஸ்பானர் ஒருவன் கையில்தான் இருக்கிறது. தன் கட்சிக்கு ஒரு வாக்கியம் பேச ஜானுக்கு அவகாசம் இல்லை. அவன் முகம் சுளிப்பதோடு சரி. நாவலாசிரியன் எதிர்க்கட்சிக்காரனுக்குத் தன் மூளையில் பாதியையாவது கடன் கொடுக்க வேண்டும். பிர்ஸிக் காலணா கூடக் கொடுக்கவில்லை.

ஜான் என்ன பேசியிருக்கலாம் என்பதை நான் கற்பனையில் தேட வேண்டியிருக்கவில்லை. என் சிநேகிதர் ஒருவரிடம் 1950-களில் செய்த இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கில வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு என்பது தனியே காசு கொடுத்து வாங்க வேண்டிய உபரி. முதல் சொந்தக்காரர் வாங்கவில்லை போலிருக்கிறது. சென்டர் ஸ்டாண்டு மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் வண்டியைத் தூக்கிப் பின்னால் இழுத்து நிறுத்த வேண்டும். சிநேகிதருக்கு அறுபது தாண்டிவிட்டது, இடுப்பு ஒத்துழைப்பதில்லை. எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற சைடு ஸ்டாண்டு ஒன்றை வாங்கி வந்தார். அதை மாட்டிய அன்று நான் கூட இருந்தேன்.

மெக்கானிக் கெட்டிக்காரர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சார், ஃபிரேமிலே ஒரு லக்கு வெச்சு வெல்டு அடிச்சிடறேன். ஆயுசுக்கும் அசையாது" என்றார்.

"நெருப்புப் படக்கூடாதுப்பா" என்றார் சிநேகிதர்.

"கிளாம்ப் போட்டா திரும்பிக்கும் சார்."

"திரும்பாம போடு."

இதைப் பிர்ஸிக் எழுதியிருந்தால் மெக்கானிக் விவேகி, சிநேகிதர் பழம்பெருமை பேசும் பைத்தியம் என்று முடித்திருப்பார். உண்மை வேறு. அந்தக் காலத்து ஃபிரேம்களில் வார்ப்பு மூட்டுகளுக்குள் குழாயைச் செருகிப் பித்தளையை உருக்கிப் பற்றவைத்திருப்பார்கள். பக்கத்தில் வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பிடிப்புக்கே சேதம் வரலாம். வேலை கச்சிதமாகவே அமைந்தாலும், ஃபிரேம் பிறகு பழைய ஃபிரேம் ஆகாது. அறுத்தாலும் ராவினாலும் தழும்பு போகாது. சிநேகிதருக்கு இருந்தது அழகுணர்ச்சிதான், சந்தேகமில்லை. அந்த அழகுணர்ச்சிக்குள்ளேயே இஞ்சினீயரிங்கும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க எந்தத் தத்துவ ஆசிரியராலும் ஆகாது.

கிளாம்ப் போடுவதென்று முடிவாயிற்று. அப்புறம்தான் சங்கடம். வண்டியின் குழாய் ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். கடைச் சாமான் 26 மில்லிமீட்டர் கணக்கில் கடைந்தது. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. ஆனால் அதன் மேல்தான் நூற்றைம்பது கிலோவுக்கு மேற்பட்ட வண்டி சாய்ந்து நிற்க வேண்டும். கிளாம்ப் குழாயைச் சுற்றி அரை நூல் திரும்பினாலும் ஸ்டாண்டின் கோணம் மாறிவிடும், வண்டி தரையில். மெக்கானிக் சுற்றுமுற்றும் பார்த்தார். குப்பையில் கிடந்த கூல்டிரிங்க் டப்பாவை எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டினார். டப்பாத் தகட்டின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், மூன்று சுற்றுச் சுற்றினார், பக்கத்துக்கு 0.3 ஆயிற்று. கிளாம்ப் கவ்விக் கொண்டது. அந்த மனிதர் பிர்ஸிக்கைப் படித்திருக்க மாட்டார்.

என் சிநேகிதர் முகம் சுளித்தாரா என்று பார்த்தேன். இல்லை. வெல்டிங்குக்கு அவ்வளவு பிடிவாதமாக மறுத்தவர், டப்பாத் தகட்டைப் பார்த்து, "பேஷ்" என்றார். ஏன் என்று கேட்டேன். "நாளைக்கு இரண்டு போல்ட்டைக் கழற்றினால் வண்டி பழையபடி இருக்கும்" என்றார்.

ஜான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். செருகுவது பீர் டப்பாவா, க்ரூப் பிரபுவின் தகடா என்பதல்ல. எடுத்தால் பழையபடி ஆகுமா என்பது. இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஜானே டப்பாவை ஒப்புக்கொண்டிருப்பான், ஆசிரியருடைய மாளிகைக்கு அஸ்திவாரமும் போயிருக்கும். பிர்ஸிக் வாதத்தில் ஜெயிக்க விரும்பினார், அதனால் சுலபமான உதாரணத்தை எடுத்துக்கொண்டார். ஹாண்டில்பாரை வெல்டு அடிக்கலாம் என்று நண்பன் சொல்லி, ஜான் மறுப்பதாக எழுதியிருந்தால்? யார் பக்கம் நியாயம் என்று சொல்ல முடியாத நிலை வரும். நாவல் அங்கேதான் ஆரம்பமாகும்.

ஸ்டாண்டு விஷயத்தை அரைகுறையாக விட மனமில்லை. மாட்டியதோடு வேலை முடியவில்லை. கால் நீளமாக இருந்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும். யாராவது முழங்கையால் இடித்தாலே மறுபக்கம் சாயும். குட்டையானால் இடது பக்கம் படுத்துவிடும், நிமிர்த்துவதற்கு மறுபடியும் இடுப்பு வேண்டும். புது டயரும் புது ஷாக் அப்ஸார்பரும் போட்ட பழைய வண்டியின் உயரம் கம்பெனிக் கணக்கோடு ஒத்துப்போகாது. ஆகவே வண்டியை நிறுத்திப் பார்த்து, கழற்றி ராவி, மறுபடி நிறுத்திப் பார்த்து, இப்படி நாலு தடவை. ஸ்பிரிங்கையும் அச்சாணிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தாண்டிப் போகும்படி மாட்ட வேண்டும். அப்போதுதான் மடக்கினால் மடங்கியபடியும் விரித்தால் விரித்தபடியும் நிற்கும். மடக்க மறந்து இடப்பக்கம் திரும்பினால், ஸ்டாண்டு தரையில் ஊன்றி ஆளையே தூக்கியெறியும். கம்பெனிக்காரன் செய்யும் புது வண்டியில் ஸ்டாண்டு விரிந்திருந்தால் இஞ்சினே நின்றுவிடும் ஏற்பாடு உண்டு. கிழவண்டிக்கு ஓட்டுகிறவனின் ஞாபகம்தான் ஏற்பாடு.

இத்தகைய பொறுமை பிர்ஸிக்கின் எழுத்திலும் இருக்கிறது, அவர் போதிக்காத இடங்களில். ரேடியோவை அலற விட்டுக்கொண்டு தன் இஞ்சினைப் பாழாக்கிய பட்டறைப் பையன்களை அவர் வர்ணிக்கும் பக்கங்கள் நல்ல சிறுகதை. கடைசியில் குற்றவாளி கால் டாலர் பெறுமான ஒரு முளை என்று கண்டுபிடிக்கிறார். மூடியில் சிக்கிக்கொண்ட ஒரே ஒரு திருகாணி, வண்டி முழுவதின் விலைக்கு ஒப்பாகிவிடுகிறது என்று காட்டும் இடம் இன்னும் உசத்தி. நூலின் கதாநாயகன் காசி ஹிந்து சர்வகலாசாலையில் படித்தவன் என்று வருகிறது. உலகம் மாயை என்று பாடம் நடத்திய பேராசிரியரை, ஹிரோஷிமாவில் விழுந்த குண்டும் மாயையா என்று கேட்டு, ஆம் என்ற பதில் வந்ததும் வகுப்பை விட்டுப் போய்விடுகிறான். மாயாவாதத்தை உதறியவனுக்குத் திருகாணி இவ்வளவு உண்மையாக இருப்பதில் ஆச்சரியமில்லை. கிரேக்கத் தத்துவத்தை அலசும் பின்பகுதியில்தான் உண்மை தேய்ந்து வெறும் சொல்லாகிறது. அங்கே எனக்கு இரண்டு தடவையும் தூக்கம் வந்தது.

எனக்கு நூலில் பெரிதாகப் படுவது வேறொன்று. டாப்பெட் சத்தத்தில் வரும் மெல்லிய வித்தியாசத்தைக் கூட உன்னிப்பாய்க் கேட்கிற தகப்பனுக்கு, பின் ஸீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் குரல் சரியாகக் கேட்பதில்லை. பையனுக்கு வயிற்று வலி வருகிறது. அழுகிறான், அடம் பிடிக்கிறான். அதற்குத் தகப்பன் கையில் ஸ்பானர் இல்லை. தகப்பன் முதுகைத் தவிர அவனுக்கு வழியில் எதுவும் தெரிவதுமில்லை. ஜானுக்குச் செய்த அநியாயத்தை உணராத ஆசிரியர் இதை உணர்ந்துதான் எழுதியிருக்கிறார். கடைசியில் பையன் பெடலில் கால் ஊன்றி எழுந்து நின்று, தகப்பனின் தோளுக்கு மேலாக முதல் தடவையாகச் சாலையைப் பார்க்கிறான். பெரியவனானால் எனக்கும் ஒரு மோட்டார் சைக்கிள் உண்டா என்று கேட்கிறான். ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டால் உண்டு என்கிறான் தகப்பன்.

நிஜத்தில் அந்தப் பையன் 1979-இல், இருபத்து மூன்று வயது நிறையுமுன், ஸான் பிரான்ஸிஸ்கோவில் வழிப்பறிக்காரர்களால் கொலையுண்டான். பிந்திய பதிப்புகளில் பிர்ஸிக் அதைப் பற்றிப் பின்னுரை எழுதிச் சேர்த்திருக்கிறார். அவரும் 2017-இல் காலமானார். வண்டி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் மியூசியத்தின் வசம் இருக்கிறது. நூலை முழுதும் படிக்கப் பொறுமையில்லாதவர்கள் பீர் டப்பா வரும் அத்தியாயத்தையும், கடைசி அத்தியாயத்தையும், அந்தப் பின்னுரையையும் இந்த வரிசையிலேயே படிக்கலாம்.