ஸ்லைடு மாஸ்டரும் பி விசையும்

பவர்பாயிண்ட் கற்க வருபவர்கள் முதலில் மயங்குவது அனிமேஷனில்தான். எழுத்து சுழன்று வரும், படம் துள்ளி விழும். சீக்கிரமே அலுத்துவிடும். எனக்கு இன்னும் அலுக்காதது ஸ்லைடு மாஸ்டர். 'வியூ' தாவலில் இருக்கிறது. திறந்தால் இடப்பக்கம் மேலே சற்றுப் பெரிதாக ஒரு ஸ்லைடு, அதன்கீழ் வரிசையாக லேஅவுட்கள். அந்தப் பெரியதில் தலைப்பின் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். 40 ஸ்லைடு இருந்தாலும் எல்லாவற்றிலும் சட்டென்று மாறும். ஒவ்வொரு ஸ்லைடாகத் திறந்து லோகோ ஒட்டிக்கொண்டிருந்தவர் முகம் அப்போது மலர்வதைப் பார்க்க வேண்டும்! (தலைப்பைத் தனி டெக்ஸ்ட் பாக்ஸில் அடித்திருந்தால் மாறாது. அதற்கென உள்ள பெட்டியிலேயே அடிக்கப் பழக வேண்டும்.)

1987இல் மேக்கின்டோஷ் கணினிக்காக வந்த பவர்பாயிண்டின் முதல் பதிப்பு வெறும் கறுப்பு வெள்ளை. ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் தாள்களைத் தயாரிக்கத்தான் அது. இன்று நேரே திரையில் ஓடுகிறது. ஓடும்போது பி விசையை அழுத்தினால் திரை கறுத்துவிடும். அறையிலுள்ள கண்களெல்லாம் பேசுபவர் பக்கம் திரும்பும். மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மாணவர் கேள்வி கேட்டதும் பி அழுத்திவிட்டு, அவர் முகம் பார்த்துப் பதில் சொல்லும் ஆசிரியர்மீது எனக்கு உடனே மரியாதை வந்துவிடும்.