செபமும் சிகிச்சையும்

நோயுற்றோர்க்காகச் செபிக்கும் நெஞ்சை நாம் நகைக்கவில்லை. அது அன்பின் துடிப்பு. சுகமளிக்கும் கூட்டம் கூட்டி, 'மருந்தை விடு, விசுவாசி' என்னும் மேடைப் போதகரையே கேட்கிறோம்: நோய் தீர்ந்தால் புகழ் உமக்கு, தீராவிடில் 'விசுவாசக் குறைவு' என்ற பழி நோயாளிக்கு! இதுவா இரக்கம்?

அமெரிக்காவில் இதய அறுவை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. பிறர் செபித்ததால் சிக்கல்கள் குறையவில்லை. தமக்காகச் செபம் நடப்பதை உறுதியாக அறிந்தோருக்கோ சற்று மிகுந்தன: அறியாதோருக்கு 52 விழுக்காடு, அறிந்தோருக்கு 59.

திண்டிவனத்தில் ஓரிரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் மாண்டது கண்டு கலங்கிய ஐடா ஸ்கடர் செபத்தோடு நின்றாரா? மருத்துவம் கற்றார், 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொண்டு தொடங்கினார். அவரும் ஆண்டவரை நம்பியவரே!

கூப்பும் கை கூப்பட்டும். மருந்தூட்டும் கையைத் தடுக்க வேண்டாம்!